ஓராண்டுக் குழந்தை: பொறுத்திருக்க வேண்டியவையும் பொறுக்கலாகாதவையும்

முகத்துவாரத்திலே, களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு அணித்தாயுள்ள ஒழுங்கையொன்றின் சிறு வீட்டில் அண்மையில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குச் சென்றிருந்தோம். வீட்டுச் செல்வனுக்கு அன்று ஓராண்டு நிறைவு. பல் சற்றுப் பிந்தி முளைத்தமையால், பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கையும் அன்றைக்கே ஒழுங்கு செய்திருந்தனர். சுவரெங்கும் பலூன்கள், மேசைமீது கேக், வாசலிலே செருப்புக் குவியல். விழாவின் நாயகனோ அந்த ஆரவாரம் எதையும் பொருட்படுத்தாது, இருந்த இடத்தில் இருந்தபடியே பாயின் ஓரத்தைப் பிய்த்து, அஃது எவ்வாறு பின்னப்பட்டதென ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அவ்வேளை உள்ளே வந்த மூதாட்டி ஒருவர், "என்ன பிள்ளை, இவன் இன்னும் நடக்கேல்லையோ? பக்கத்து வீட்டுப் பெட்டை பத்து மாதத்திலையே ஓடித் திரிஞ்சவள்" என்றார். அவர் தீய எண்ணத்தோடு கூறினாரல்லர். ஆயினும் இளந்தாயின் முகம் வாடிவிட்டது. சிறிது நேரங் கழித்து எமக்குத் தேநீர் கொண்டுவந்தவர், "மாஸ்டர், இவனை டொக்டரிட்டைக் காட்ட வேணுமோ?" என்று தாழ்ந்த குரலிற் கேட்டார்.

நாம் மருத்துவரல்லோம், பள்ளிக்கூடத்திலே பாடஞ் சொல்லிக்கொடுப்பவர். எனினும் ஓராண்டுக் குழந்தையைப் பற்றி அறிஞர் ஆராய்ந்து கூறியவற்றைத் தேடிப் படிக்க வேண்டிய நிலை எமக்கு ஒருமுறை நேர்ந்தது. அதன் காரணத்தைப் பின்னர் சொல்வோம். அத்தாயிடம் அன்று நாம் திருப்பிக் கேட்டவை மூன்று கேள்விகள். கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றானா? பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகின்றானா? வேண்டிய பொருளை விரலாற் சுட்டிக் காட்டுகின்றானா? மூன்றுக்கும் "ஓம்" என்றே விடை வந்தது. "அப்படியாயின் நடையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம்" என்றோம். ஏன் அவ்வாறு கூறினோம் என்பதை அவருக்கும், அவரைப் போன்ற பிற அன்னையருக்குமாக இங்கே விரித்து எழுதுகின்றோம்.

நடையை முதலிற் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006 ஆம் ஆண்டில் அதன் முடிபுகளை வெளியிட்டது. அவையனைத்தும் நல்ல போசணை பெற்று நலமாக வளர்ந்த குழந்தைகள். அவ்வாறிருந்தும், பிடியின்றித் தனியே நடந்த காலம் குழந்தைக்குக் குழந்தை பெரிதும் வேறுபட்டது. எட்டு மாதங் கடந்தவுடன் நடந்தவையும் உண்டு. பதினேழரை மாதம் வரை நடவாதிருந்து பின்னர் நடந்தவையும் உண்டு. இடையில் ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட அகலம்! பிடித்துக்கொண்டு நிற்றல், தனியே நிற்றல் என்ற படிகளுக்கும் இத்தகைய அகன்ற எல்லைகளே கிடைத்தன. கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே எழுந்து நடந்த குழந்தைகள் நூற்றுக்கு நான்கு பேர் வரையில் இருந்தனர். இருந்த இடத்திலிருந்து பின்புறத்தால் அரைந்து நகரும் பிள்ளைகள் பொதுவாகச் சற்றுப் பிந்தியே நடப்பர் என்பதும் மருத்துவர் அறிந்ததொன்று. ஆகவே பத்தாம் மாதத்தில் ஓடிய அயல்வீட்டுப் பெண்குழந்தையும், பன்னிரண்டாம் மாதத்திற் பாயைப் பிய்க்கும் நம் செல்வனும் ஒரே வாய்க்காலில் ஓடும் நீரே. முந்தி நடந்த பிள்ளை அறிவிற் சிறந்ததாகும் என்பதற்கும் ஆதாரமில்லை.

நம் முன்னோர் இதனைக் கவனியாதிருந்தாரல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தை நினைவு கூருங்கள். குழந்தையின் பருவங்களைப் பத்தாக வகுத்து, பருவத்துக்கு ஒரு மாதமும் குறித்தனர். பாட்டியல் நூல்கள் தம்முட் சிறிது மாறுபடினும், பொதுவாக வழங்கும் கணக்கு இது: ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வருகை, பதினைந்தாம் மாதம் அம்புலி. செங்கீரையாவது குழந்தை கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது. சப்பாணியாவது இரு கைகளையுஞ் சேர்த்துக் கொட்டுவது. இன்றைய மருத்துவ ஏடுகளும் கைகொட்டலை ஒன்பதாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையிலேயே வைக்கின்றன. வருகைப் பருவத்திலே தளர்நடையிட்டு வா என அழைப்பர். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விற் குழந்தைகளிற் பாதிப்பேர் நடந்த வயது ஏறத்தாழப் பன்னிரண்டு மாதம். பாட்டியலாரின் கணக்கோ பதின்மூன்றாம் மாதம். வகுப்பறையிலே இப்பருவங்களை மாணவர் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதுகின்றனர். வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தாற் புத்தகத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நாம் சொல்வதுண்டு. எவரேனும் செய்து பார்த்தனரோ அறியோம்.

நடை எவ்வாறு வருகின்றது என்பதும் அறியத்தக்கது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரன் அடொல்ப் என்னும் உளவியலாளரும் அவருடன் சேர்ந்தோரும் 2012 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பன்னிரண்டு முதற் பத்தொன்பது மாதம் வரையான குழந்தைகள் தம் மனம்போல விளையாடுகையில் அடியெண்ணிப் பார்த்தபோது, சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள் வைத்தன. 17 தடவை விழுந்தன. ஒரு மணி நேரத்திலே பதினேழு வீழ்ச்சி! நாமாயின் மூன்றாம் வீழ்ச்சியோடு நடையே வேண்டாமென்று கட்டிலிற் படுத்திருப்போம். விழுந்து எழுவதே அக்குழந்தைகளுக்குப் பாடம். நிலத்தைத் துப்புரவாக்கி, கூர் முனைகளையும் வெந்நீர்ப் பாத்திரங்களையும் அப்புறப்படுத்தி, வெறுங்காலோடு விட்டுவிடுவதே நாம் செய்யவேண்டியது. ஒற்றையறை வீட்டில் அடுப்புக்கும் பாய்க்கும் நான்கடிதான் இடைவெளி. இது சொல்ல எளிது, செய்ய அரிது என்பதை நாம் மறுக்கவில்லை. அடுப்பு மூட்டும் வேளையிலேனும் குழந்தையை ஒருவர் மடியில் வைத்திருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் "வோக்கர்" எனப்படும், குழந்தையை உள்ளே இருத்தி உருட்டிச் செல்லவிடும் வண்டியைப் பற்றியும் ஒரு சொல். பிறந்தநாட் பரிசாக அன்றைக்கும் ஒன்று வந்திருந்தது. அது நடையை விரைவுபடுத்துவதில்லை. குழந்தையை அடுப்பண்டையிலும் படிக்கட்டிலும் கண்ணிமைக்கும் நேரத்திற் கொண்டுபோய் விட்டுவிடுகின்றது. இதனாலேயே கனடா நாடு 2004 ஆம் ஆண்டில் அதன் விற்பனையைத் தடைசெய்தது. நம் பாட்டன்மார் தச்சரைக் கொண்டு செய்வித்த மூன்று சில்லு நடைவண்டி வேறு வகை. அங்கே குழந்தை தன் காலில் நின்று வண்டியைத் தள்ளுகின்றது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அதனாற் பெருந்தீங்கில்லை.

நடையிற் பொறுத்திருங்கள் என்றோம். பொறுமைக்கும் எல்லையுண்டு. ஓராண்டு நிறைந்தும் பிடித்துக்கொண்டேனும் நிற்காத பிள்ளையையும், பதினெட்டு மாதமாகியும் தனியே நடவாத பிள்ளையையும் வைத்தியரிடம் காட்டவேண்டும். முன்பு செய்த ஒன்றைப் பிள்ளை செய்யாது மறந்துபோகுமாயின் எவ்வயதிலும் காட்டவேண்டும். இன்னொன்றைப் பலர் அறியார். ஓராண்டு நிரம்புமுன் குழந்தை எதனையும் ஒரே கையாலேயே பற்றி, மறுகையை வாளாவிருக்க விடுமாயின், "இவன் இடக்கையன்" என்று சிரித்து விட்டுவிடலாகாது. அவ்வயதில் இரு கைகளும் ஒத்தே தொழிற்படும். ஒன்று தொழிற்படாதிருப்பின் அக்கையின் பலவீனம் காரணமாயிருக்கலாம். மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளை விட்டு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடல் வேண்டும்.

இனி, நாம் இவற்றைப் படிக்க நேர்ந்த காரணத்துக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையிலே எமக்கு மிக வேண்டிய ஒரு குடும்பத்தில் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அழகிய பிள்ளை, பத்தாம் மாதத்திலேயே நடந்துவிட்டது. யாவரும் மெச்சினோம். தாய்க்கு மட்டும் ஓர் ஐயம். பின்னாலிருந்து கூப்பிட்டாற் பிள்ளை திரும்புவதில்லை என்றார். உடனே பாட்டியார் ஒரு சில்வர்த் தட்டை எடுத்துக் குழந்தையின் பின்புறமாக நிலத்தில் அடித்துக் காட்டினார். பிள்ளை திரும்பிப் பார்த்தது. "பார்த்தியா, நல்லாக் கேட்குது. தகப்பன் வழியில எல்லாரும் பிந்தித்தான் பேசினவை" என்றார். அங்கிருந்த நாமும் அதனை ஆமோதித்தோம். பேச்சுத் தானாக வரும், பொறுத்திருங்கள் என்று ஆறுதல் கூறினோம். கற்றவர் என்று மதித்து அத்தாய் எம் சொல்லை ஏற்றார். இரண்டரை வயதிலேதான், பிள்ளைக்கு இரு செவியும் பிறவியிலிருந்தே மிகக் குறைவாகக் கேட்கின்றன என்பது பரிசோதனையில் தெரியவந்தது. தட்டடித்தபோது அவன் திரும்பியது ஓசை கேட்டன்று. நிலத்தின் அதிர்வை உணர்ந்தே. இன்று செவிக்கருவி அணிந்து பள்ளிக்கூடம் செல்கின்றான், கெட்டிக்காரன். ஆயினும் சொற்களைச் சேர்க்கவேண்டிய இரண்டாண்டுகள் போய்விட்டன. அவற்றில் ஒரு பங்கு எம் பொறுப்பு. அத்தாய் ஒருநாளேனும் எம்மைக் குறைகூறியதில்லை.

இதனாற்றான் சொல்கின்றோம்: நடை காத்திருக்கும், செவி காத்திராது. காரணம் இது. குழந்தை பேசத் தொடங்குவதற்கு நெடுநாள் முன்பே அதன் செவி மொழியைக் கற்கத் தொடங்கிவிடுகின்றது. கனடாவிலே ஜனெற் வேர்க்கர், றிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று நம்மவர்க்குச் சுவை பயப்பது. இந்தி மொழியிலுள்ள இரு ஒலிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒன்று நாவைப் பல்லிற் பொருத்தி ஒலிப்பது. மற்றது நாவை மேலே வளைத்து ஒலிப்பது. நம் தகரத்தையும் டகரத்தையும் ஒத்த வேறுபாடு அது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதம் வரையில் அவ்விரண்டையும் எளிதில் வேறுபடுத்தி உணர்ந்தன. ஓராண்டை அணுகும்போதோ அவ்வாற்றல் பெரிதும் அருகிப் போயிற்று. தம் வீட்டு மொழிக்கு வேண்டாத வேறுபாட்டை அவற்றின் செவி தள்ளிவிட்டது. வேண்டியதை இறுகப் பற்றிக்கொண்டது. முதலாவது பிறந்தநாளுக்குள்ளேயே செவி தன் தாய்மொழியை இவ்வாறு தெரிந்தெடுத்துக்கொள்கின்றது. எதுவுமே கேளாத செவி எதனைத் தெரிந்தெடுக்கும்?

ஆகையால் ஓராண்டளவிற் பெற்றோர் கவனிக்கவேண்டியவை சில. பெயர் சொன்னால், சொல்பவர் முகத்தைக் காணாத நிலையிலும், குழந்தை திரும்பவேண்டும். "மமமம", "பபபப", "தததத" என்று மெய்யும் உயிரும் சேர்ந்த மழலை பத்தாம் பதினோராம் மாதத்திற் பெருகியிருக்க வேண்டும். செவி கேளாத குழந்தையும் முதல் மாதங்களிற் கூவிச் சிரிக்கும். அதனைக் கண்டே பெற்றோர் ஏமாறுகின்றனர். மெய்யெழுத்து மழலை வரும் காலத்தில் அது பின்தங்கிவிடும். தட்டையும் மணியையும் கொண்டு வீட்டில் செய்யும் சோதனையை நம்பவேண்டாம். நிழலும் காற்றும் அதிர்வும் பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஐயமுண்டாயின் கருவி கொண்டு சோதிக்கும் வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். பிறந்த சில நாட் குழந்தையையும் நோவின்றிச் சோதிக்கும் கருவிகள் இன்று உண்டு. முதல் மாதத்திற் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் முடிவு, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பதே மேனாடுகளிற் கொண்ட குறிக்கோள்.

விரலாற் சுட்டுதலும் இத்தகைய முக்கியமுடையது. குழந்தை விளக்கையோ காகத்தையோ சுட்டிக் காட்டி, உடனே தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கின்றது. "நான் காண்பதை நீயும் காண்" என்பதே அதன் கருத்து. சொல் பிறப்பதற்கு முன் பிறக்கும் பேச்சு அதுவே. அம்புலிப் பருவத்தைப் பாடிய புலவர்க்கு இது தெரிந்திருந்தது போலும். பன்னிரண்டாம் மாதத்தில் முதற்சொல் வராவிடினும் பெரிதன்று. பெயருக்குத் திரும்பாமலும், சுட்டாமலும், கையசைத்து விடைகொடாமலும், முகம் பாராமலும் இருக்குங் குழந்தையை நாட்கடத்தாது காட்டவேண்டும்.

முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு குழந்தையின் செவியிற் காலைமுதல் மாலைவரை தமிழும் சிங்களமும் விழுகின்றன, இடையிடையே ஆங்கிலமும். இரு மொழி கேட்டாற் பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தும் என்றெண்ணித் தாய்மொழியைக் கைவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசும் பெற்றோர் சிலரை வெள்ளவத்தையிற் கண்டிருக்கின்றோம். அவ்வச்சம் வீண். இரு மொழிக் குழந்தை இரு மொழிகளிலும் அறிந்த சொற்களைச் சேர்த்தெண்ணினாற் பிறருக்குப் பின்னிற்பதில்லை. தாயின் நாவில் இயல்பாக வரும் மொழியிற் குழந்தையோடு பேசுவதே சிறந்தது. கைத்தொலைபேசியைக் காட்டிச் சோறூட்டும் வழக்கத்தைத்தான் விடவேண்டும். ஓராண்டுக் குழந்தை திரை பார்த்திருத்தல் தகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இற் கூறியது. பேசும் திரை குழந்தையின் மறுமொழிக்குக் காத்திராது, தாய் காத்திருப்பாள்.

நிறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். அதற்குக் கிளினிக் கொப்பி இருக்கின்றது. ஓராண்டில் ஆண்குழந்தையின் நடுத்தர நிறை 9.6 கிலோ, பெண்குழந்தைக்கு 8.9 கிலோ. ஆணுக்கு 7.7 கிலோவுக்கும் பெண்ணுக்கு 7 கிலோவுக்கும் குறைந்தால் நிறை குறைவென்று கொள்வர். ஓர் எண்ணைக் கொண்டு மட்டும் முடிவு செய்யலாகாது. கொப்பியிலுள்ள கோடு மேலேறிச் செல்கின்றதா, தட்டையாகின்றதா என்பதையே பார்க்கவேண்டும். அயல்வீட்டுப் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கவேண்டியதில்லை. முதலாண்டிற் பிறந்த நிறையைப் போல் மும்மடங்காகும் பிள்ளை, இரண்டாமாண்டு முழுவதிலும் இரண்டரைக் கிலோவளவே கூடும். அதனாற் பசியும் சற்றுக் குறையும். "முந்தித் தின்றவன் இப்ப தின்னுறான் இல்லை" என்று வாயைப் பிடித்துத் திணிக்கும் தாய்மார் இதனை அறிந்தால் இருவர்க்கும் கண்ணீர் மிச்சமாகும். தாய்ப்பாலை இரண்டு வயதுவரை தொடரலாம். சோறு, பருப்பு, கீரை, முட்டை, முள் நீக்கிய மீன், அரைத்த நெத்தலி, ஈரல் யாவும் நன்று. தேநீரில் தோய்த்த பிஸ்கற்றை மட்டும் நிறுத்தவேண்டும். தேயிலை உணவிலுள்ள இரும்புச் சத்தைச் சேரவிடாது தடுக்கும்.

மாநகரசபையின் தாய் சேய் நலக் கிளினிக்குக்குப் பன்னிரண்டாம் மாதம் தவறாது செல்லவேண்டும். ஒன்பதாம் மாதத்திற் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான ஊசி போடப்பட்டிருக்கும். பன்னிரண்டாம் மாதத்தில் யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி. காசு கொடாமற் கிடைக்கும் இவ்வசதியின் அருமை நமக்குத் தெரிவதில்லை. மலேரியா கொள்ளைநோய் பரவிய 1935 ஆம் ஆண்டிலே இலங்கையிற் பிறந்த ஆயிரங் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிரம்புமுன் இறந்தன. 1946 இலும் அவ்வெண் 141 ஆக இருந்தது. நாலிலொரு பிள்ளை பிழையாத காலத்தைக் கண்ட கிழவியர்க்கு ஆண்டுநிறைவு எத்தகைய ஆறுதலாயிருந்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். களுத்துறையில் 1926 இல் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபின், வீடு வீடாகச் சென்ற மருத்துவ மாதர் அந்த எண்ணைக் குறைத்தவர்களுள் முதன்மையானோர். இன்று அது ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவு. மருத்துவ மாது வாசலுக்கு வரும்போது "பிறகு வாங்கோ" என்று அனுப்பிவிடாதீர்கள். நாம் மேலே கூறிய ஐயங்களையெல்லாம் முதலிற் கேட்கத்தக்கவர் அவரே.

முகத்துவாரத்து விழாவுக்கு மீள்வோம். எம் விடையைக் கேட்டுத் தாய் ஓரளவு தெளிந்தார். சடங்கு தொடங்கிற்று. பல்லுப்போலத் தேங்காய்ச் சொட்டுக் குத்திய கொழுக்கட்டைகளை மாமி பிள்ளையின் உச்சியிலே சொரிந்தார். கீழே விரித்த வெள்ளைத் துணியிற் குழந்தைகள் பாய்ந்து பொறுக்கின. யாழ்ப்பாணத்து வழக்கமென நாம் எண்ணும் இதற்கு உலகிற் சுற்றத்தார் உண்டு. ஆர்மேனியரும் முதற்பல் முளைத்தவுடன் அவித்த கோதுமையைக் குழந்தையின் தலையிற் சொரிந்து, முன்னே பொருள்களைப் பரப்பி எடுக்கவிடுகின்றனர். கொரியரும் சீனரும் முதலாவது பிறந்தநாளில் அவ்வாறே பரப்பி, எடுத்த பொருளைக் கொண்டு எதிர்காலம் சொல்கின்றனர். சீனத்தில் இவ்வழக்கம் ஆறாம் நூற்றாண்டு நூலொன்றிலேயே குறிக்கப்பட்டுள்ளது.

நம் செல்வனுக்கு முன்னும் தட்டு வைக்கப்பட்டது. புத்தகம், பேனை, காப்பு, காசு, நெல், கத்தரிக்கோல் யாவும் இருந்தன. தகப்பனார் பேனையைச் சற்று முன்னே தள்ளி வைத்ததை நாம் கண்டும் காணாதிருந்தோம். பிள்ளை தட்டை நோக்கினான், எம்மை நோக்கினான். பின் தன் தோளிலிருந்து நழுவி விழுந்த கொழுக்கட்டையொன்றை எடுத்து, புதிதாய் முளைத்த ஒற்றைப் பல்லாற் கடித்துக்கொண்டு, மேசைக்காலைப் பிடித்து எழுந்து நின்றான். பாட்டியார், "உவனுக்குச் சமையற்காரன் வேலைதான்" என்றார். தாய் சிரித்தார்.